மூத்த மாப்பிள்ளையின் நீர்மட்டம்

பக்கத்து ஊரில் யாராவது தும்மினால் போதும், தராசு வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்கிவிடும். நிஜமாகவே மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கொடியில் காயப்போட்ட துண்டை எடுக்கப் படகு விட வேண்டியிருக்கும். தவளைகள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறி, சாயங்காலமானால் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடும். போன மழைக்கு அவருடைய இடதுகால் செருப்பு அந்தச் சேற்றுக்குள் போனது. எந்தக் கண்டத்தில் கரையேறியது என்று இன்றுவரை தகவல் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் சகலை வீடு. தராசின் மனைவிக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையைக் கட்டியவர்தான் சகலை, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இரண்டு கொல்லைக்கும் நடுவில் நெஞ்சளவுச் சுவர் ஒன்று. அதே வானம், அதே மேகம், அதே மழை. ஆனால் மழை விட்டு, போட்ட டீ ஆறுவதற்குள் சகலையின் கொல்லை காய்ந்து, பாய் விரித்துப் படுக்கலாம் போல ஆகிவிடும். தராசு சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்ப்பார். கொல்லை முழுக்கத் தண்ணீர் நிற்கும்; அதில் ஒரு சொட்டுகூட அவர் வயிற்றெரிச்சலை அணைக்க உதவாது.

தராசு என்பது ஊர் வைத்த பெயர். எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கடைத்தெருவில் திரும்பினால் தராசுத் தட்டுகள் பயத்தில் தாமாகவே நேராகிவிடும் என்று சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் அவரேதான்.

இதில் இன்னொரு ரணமும் உண்டு. இரண்டு மனைகளும் மாமனார் கொடுத்தவை. பெரிய மனை ஒன்றை இரண்டாக வெட்டி, "மூத்த மாப்பிள்ளை முதல்ல எடுக்கட்டும்" என்றார் அந்த மனிதர். ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். இன்னொரு பக்கம் மொட்டைத் தலை மாதிரி வெறும் தரை. தராசு கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சையைக் கைகாட்டிவிட்டார். கொடுப்பதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் ஆசாமியான சகலை, மொட்டையை வாங்கிக்கொண்டார். அந்தப் பச்சை எதனால் பச்சையாக இருந்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. தவளைகளுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை யார் கேட்டார்கள்.

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

தராசின் மனைவிக்கு ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. வேலையெல்லாம் முடிந்த சாயங்காலத்தில், கொல்லையில் அதைப் போட்டு அவள் உட்காருவாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் இவர் உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் அன்றைய செய்தித்தாளில் இருக்கும் தப்புகளை எல்லாம் கண்டுபிடித்துச் சொல்வார். அவள் "ம்" கொட்டுவாள். அந்த "ம்" அவருக்கு ஓய்வூதியத்தைவிட முக்கியம். இந்த மழைக்காலத்தில் நாற்காலியின் கால்கள் சேற்றில் இறங்க ஆரம்பித்தன. ஒருநாள் அவள் உட்கார்ந்த வாக்கில் மெல்ல மெல்லச் சாய்வதை, சுவருக்கு அப்பாலிருந்து தங்கை பார்த்துவிட்டாள்.

"அக்கா, முழுசா முழுகுறதுக்குள்ள இங்க வந்துடு."

அக்கா எழுந்தாள். நாற்காலியைச் சுவருக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தாள்.

"கொல்லை காஞ்சதும் எடுத்துட்டு வந்துடறேங்க" என்றாள் புருஷனிடம்.

கொல்லை காயவில்லை. நாற்காலி வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. சகலை ஏதோ முணுமுணுப்பார். உடனே அக்காவும் தங்கையும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். என்ன ஜோக் என்று இங்கே கேட்காது. தராசு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே காதைத் தீட்டுவார். தான் சொல்லி அவள் அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்ப்பார். செய்தித்தாளில் தப்பு கண்டுபிடிக்கும் ஆர்வமே போய்விட்டது. தப்புகள் எல்லாம் அப்படியே அச்சில் கிடந்தன.

ஒரு முடிவுக்கு வந்தார். கொல்லையைக் காயவைத்தே தீருவது. நாற்காலியை மீட்டே தீருவது.

வடிகால் வேலைக்கு அவர் கூப்பிட்ட மேஸ்திரி, கொல்லையை எட்டிப் பார்த்ததுமே, "முதல்ல மண் டாக்டரக் கூப்பிட்டுக் காட்டுங்க சார். அவங்க சொல்லாம நான் மண்வெட்டி வைக்க மாட்டேன்" என்று போய்விட்டார்.

மண் டாக்டர் என்பது மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துச் சொல்லும் அம்மாள். பெரிய படிப்பெல்லாம் அதிலேயே படித்தவர். ஐம்பது வயது இருக்கும். வேனில் வந்து இறங்கினார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப்பையில் வறுகடலை. பேசும்போதும் மெல்லுவார், கேட்கும்போதும் மெல்லுவார். பிடிக்காததைக் கேட்டால் மட்டும் மெல்லுவதை நிறுத்துவார்.

தராசு வாசலிலேயே திட்டத்தைச் சொன்னார். "நடுவுல கிணறு மாதிரி ஒரு உறிஞ்சுகுழி. உள்ள ஜல்லி, மேல மூடி. தண்ணி எல்லாம் உள்ள போயிடும். ஆளுங்க எப்ப வருவாங்க?"

"உள்ள போய்?"

"உள்ள போய்... போயிடும்."

"நோயாளியே மருந்துச் சீட்டு எழுதிட்டு வந்தா, அப்புறம் நான் எதுக்கு சார்? உங்க மண்ணு தண்ணி குடிக்குமான்னு பாக்கணும். கீழ ஏற்கெனவே தண்ணி எவ்வளவு கிட்டத்துல நிக்குதுன்னும் பாக்கணும். ரெண்டும் தெரியாம குழி தோண்டினா, நீங்க சொந்தச் செலவுல குளம் வெட்டின கணக்குதான்."

நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து வந்தார். முனையில் திருகு மாதிரி இருந்தது. அதைத் தரையில் குத்தித் திருகத் திருக, அது தன்பாட்டுக்கு இறங்கியது. இழுத்தபோது முனையில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு பிடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். மண் நாடா மாதிரி நீண்டது. உடையாமல், பிய்யாமல், நீண்டுகொண்டே போனது. விட்டால் அதை வைத்துச் சட்டை தைத்துவிடலாம்.

"அசல் களிமண்ணு" என்றார் டாக்டர்.

"அசல்" என்ற வார்த்தை தராசுக்குப் பிடித்திருந்தது. அதற்குள் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

"அண்ணே, புதையல் ஏதும் தட்டுப்பட்டுச்சா? தட்டுப்பட்டா பாதி எனக்கு. மாமனார் சொத்து."

"உனக்குக் கடை இல்லையா சகல?"

"உங்க வீட்டு வாசல்ல வேனப் பாத்ததும் கடையாவது ஒண்ணாவது. டாக்டர், நம்ம மண்ணையும் ஒரு கை பாருங்களேன்."

"பாக்கலாமே. நானே கேக்கணும்னுதான் இருந்தேன். தண்ணிக்குச் சுவரெல்லாம் தெரியாது."

தராசுக்கு அது ரசிக்கவில்லை. தன் கொல்லை, தன் டாக்டர், தன் பரிசோதனை. இப்போது பக்கத்து பெஞ்சில் சகலையும் வந்து உட்கார்ந்துவிட்டார். இனி இது வைத்தியம் இல்லை, பரீட்சை.

சகலை கொல்லையின் மண்ணோ, டாக்டர் விரலில் நாடா ஆகவே இல்லை. பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. "சரியான மணல்" என்றார் அவர். இரண்டு மண்ணையும் இரண்டு பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சுவரின் மேல் பக்கம் பக்கமாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் சகலையின் பாட்டிலில் மணல் அடியில் உட்கார்ந்து, தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. தராசின் பாட்டில் பால் அதிகமாகிப்போன டீ மாதிரி கலங்கியே நின்றது. யாரும் பார்க்காதபோது தராசு தன் பாட்டிலைப் பூந்தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

இரண்டு கொல்லையிலும் ஆழமாகத் துளை போட்டு, ஓட்டைகள் வைத்த குழாயை டாக்டர் இறக்கினார். "கீழ இருக்கற தண்ணி தானா குழாய்க்குள்ள வந்து அதோட மட்டத்துல நிக்கும். நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நூலில் குண்டு கட்டிக் குழாய்க்குள் விட்டார். சகலையின் குழாயில் நூல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பூமியின் மறுபக்கத்தில் யாராவது பிடித்து இழுக்கிறார்களோ என்று தோன்றியது. தராசின் குழாயில் விட்டதும் நின்றுவிட்டது.

"உங்க நீர்மட்டம் ரொம்ப மேல சார். முழங்கால் ஆழத்துலயே நிக்குது. அவரோட மட்டம் ரொம்பக் கீழ."

அடுத்த வாக்கியத்தை அவர் தொடங்குவதற்குள் கைபேசி அடித்தது. டாக்டர் பேசிக்கொண்டே வேனுக்குப் போய், குழி சோதனைக்கு நாளை வருவதாகக் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த அரைகுறைத் தகவலோடு தராசு கொல்லையில் தனியாக நின்றார். அவர் வாழ்க்கையே மட்டத்தோடு வாழ்ந்த வாழ்க்கை. மட்டமான சரக்கு விற்றவனைப் பிடித்தார். மேல்மட்டத்து அதிகாரிகளிடம் பாராட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்தால், எல்லாரும் சகலையைக் கொண்டாடி இவரை மட்டம் தட்டினார்கள். இப்போது அறிவியலே வந்து, நூல் விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டது. இவர் மட்டம் மேலே. சகலையின் மட்டம் கீழே. இத்தனை காலம் பூமி தன் வயிற்றுக்குள் மறைத்து வைத்திருந்த உண்மை இதுதான்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். முடிவெட்டும் கடையில் அவர் சொன்னபோது அவருடைய மட்டம் முழங்கால் ஆழத்தில்தான் இருந்தது. இஸ்திரிக் கடைக்குப் போவதற்குள் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. மருந்துக்கடையில் அது தரையைத் தாண்டி மேலே எழும்பி, டாக்டரம்மா பிரமித்துப் போய் வேனில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதாக முடிந்தது.

கடைசியாக மூக்குக்கண்ணாடிக் கடை.

"சகல, காலைல நீ கிளம்பினப்புறம் விஷயம் தெரிஞ்சுச்சு. என் மட்டம் உச்சத்துல இருக்கு. உன்னோடது பாதாளம். வருத்தப்படாத. எல்லாருக்கும் எல்லாம் அமையாது."

சகலை சிரிப்பார் என்று இவர் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அவ்வளவு மேலயாண்ணே? குடுத்து வெச்சவர் நீங்க" என்றார். குரலில் சத்தியமாகப் பொறாமை இருந்தது.

தராசு கடையை விட்டு இறங்கியபோது செருப்பு தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "உன் தங்கச்சி வீட்டு மட்டம் அடிபாதாளத்துல இருக்கு, தெரியுமா?"

"அப்படியா? அதான் அங்க உக்காந்தா கால் நனையறதில்ல" என்றாள் அவள். காய்கறித் தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் டாக்டர் இரண்டு கொல்லையிலும் ஒரே அளவில் சின்னக் குழி தோண்டி, தண்ணீரை நிரப்பி, ஓரத்தில் அளவுகோலைக் குத்தி வைத்தார். எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். தராசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மனதோடு கேட்டார்.

"நமக்குத்தான் மட்டம் மேல ஆச்சே. இதுலயும் நாமதானே முதல் மார்க்கு?"

டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

"மேல இருக்கறதுதான் சார் வியாதியே. தொண்டை வரைக்கும் சாப்பிட்டவனுக்கு இன்னொரு கவளம் ஊட்டினா எங்க போகும்? உங்க நிலம் ஏற்கெனவே தொண்டை வரைக்கும் குடிச்சிட்டு உக்காந்திருக்கு. அவரோட நிலம் வெறும் வயிறு. எவ்வளவு ஊத்தினாலும் இறங்கும்."

தராசுக்கு முடிவெட்டும் கடை ஞாபகம் வந்தது. இஸ்திரிக் கடை, மருந்துக்கடை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

"எதுக்கும் பாத்துருவோம்" என்றார் டாக்டர். "உங்க குழியில தண்ணி இறங்கினா, நீங்க ஆசைப்பட்ட உறிஞ்சுகுழியே போட்டுடலாம். சட்டுன்னு முடிஞ்சிடும். இறங்கலைன்னா வேற வழி பாக்கணும். நான் சாப்பிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

வேன் தெருமுனை திரும்பியது. தராசு சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். சகலையின் குழியில் ஈரம் மட்டும்தான் மிச்சம். வெயிலில் விட்ட ஒட்டகம்கூட அப்படிக் குடித்திருக்காது. தன் குழியைப் பார்த்தார். ஓய்வுபெற மறுக்கும் பழைய குமாஸ்தா மாதிரி தண்ணீர் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தது. உற்றுப் பார்த்தால் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது.

சட்டென்று முடிஞ்சிடும் என்று டாக்டர் சொன்னாரே. முடிந்தால் கொல்லை காயும். கொல்லை காய்ந்தால் நாற்காலி வரும்.

குளியலறைக்குப் போய் மக்கை எடுத்து வந்தார்.

இந்த மனிதர் யார் என்று யோசித்துப் பாருங்கள். எடைக்கல்லில் கடுகளவு குறைந்ததற்காகக் கடைக்கே பூட்டுப் போட்டவர். பால்காரரின் அளவுப் படியில் நசுங்கல் இருக்கிறது என்று அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தவர். அவர் இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, தன் கொல்லைக் குழியிலிருந்து மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு வாழை மரத்தடியில் ஊற்றினார். மொள்ள மொள்ள ஓரத்திலிருந்து ஊறி ஊறி வந்தது. இவரும் விடவில்லை. மொண்டார், ஊற்றினார். ஒவ்வொரு மக்குக்கும் நாற்காலி சுவரை நோக்கி ஒரு விரற்கடை நகர்வதாகத் தோன்றியது. குழியின் அடி தெரிந்தபோது வேன் சத்தம் கேட்டது. மக்கை வாழை இலைக்கு அடியில் தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்தார்.

டாக்டர் குழியைப் பார்த்தார். அளவுகோலைப் பார்த்தார். தராசின் முழங்காலில் அப்பியிருந்த சேற்றையும் பார்த்தார். வாளியை எடுத்து மறுபடி குழியை நிரப்பினார். முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாமளும் பாப்போம் சார். உக்காருங்க."

தராசு உட்கார்ந்தார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீர் இவர்கள் இருவரையும் பார்த்தது. டாக்டர் வறுகடலையை எல்லாம் மென்று முடித்துவிட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

"நான் இல்லாதப்ப மடமடன்னு குடிச்ச மண்ணு, நான் வந்ததும் வெக்கப்படுதே" என்றார் டாக்டர்.

சுவருக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "குடிச்சது மண்ணு இல்லீங்க டாக்டர். மக்கு."

திரும்பிப் பார்த்தால், சுவர் மேல் அக்காவும் தங்கையும் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். எப்போதிருந்து நிற்கிறார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தான், எந்த மக்கச் சொல்றாள்னு அக்காவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லவேளை சார். இத நம்பி உறிஞ்சுகுழி போட்டிருந்தா, மண்ணுத் தண்ணி அதுல ஏறி நின்னு, நீங்க அதுல மீன் வளத்திருப்பீங்க" என்றார். தரையில் குச்சியால் கோடு போட்டு வேறு வழியைக் காட்டினார். கொல்லையின் குறுக்கே நீளமாகப் பள்ளம் எடுக்க வேண்டும். அதில் ஜல்லி பரப்பி, துணி சுற்றிய ஓட்டைக் குழாயைச் சரிவாகப் பதிக்க வேண்டும். மண்ணில் தேங்கும் தண்ணீர் அந்தக் குழாயில் சேர்ந்து, தாழ்வான இடத்துக்குத் தானாக ஓடிப்போகும்.

"தாழ்வான இடம்னா, தெருச் சாக்கடையா?"

"அது உங்க கொல்லையவிட மேல இருக்கு. அந்தத் தண்ணிதான் இங்க வரும்." குச்சி மெல்ல நகர்ந்து, சுவரைத் தொட்டு, சுவரைத் தாண்டியது. "தாழ்வா இருக்கறது அவரு கொல்லைதான். அவரு சம்மதிக்கணும். கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்பதாவது. மூத்த மாப்பிள்ளை போய்ச் சகலையிடம், என் தண்ணீருக்கு உன் நிலத்தில் இடம் கொடு என்று கையேந்துவதாவது. தராசு கேட்கவில்லை. மழைதான் மறுபடி வந்தது. கொல்லை நிரம்பியது. மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய், மழை விட்டதும் அங்கேயே உட்கார்ந்தாள். அடுத்த நாள் கால் வைத்துக்கொள்ளும் சின்ன முக்காலியையும் எடுத்துப் போனாள். அதற்கடுத்து ரேடியோ போனது. இன்றைக்கு ரேடியோ, நாளைக்குத் தலையணையா என்று தராசு கணக்குப் போட்டார். காலி இடத்தில் ரேடியோ வைத்திருந்த தடம் தூசியில் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டார்.

வாசல் வழியாகத்தான் போனார். பெண்கள் இரண்டு பேரும் உள்ளே ஏதோ வேலையாக இருந்தார்கள். சகலை கொல்லையில் பூவாளியோடு நின்றார். எதிரே இரண்டு எலுமிச்சைக் கன்றுகள், காற்றில் துணி பறந்துபோன குடைக் கம்பிகளைப் போல் நின்றன. தராசு இதுவரை இந்தக் கொல்லையின் ஈரமின்மையைத்தான் பார்த்திருக்கிறார். இதில் எதுவுமே முளைக்கவில்லை என்பதைப் பார்த்ததில்லை.

அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். மனைவியின் பிரம்பு நாற்காலி. அது சகலையின் நாற்காலியைப் பார்த்துப் போட்டிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் மனதுக்குள் படம் போட்டு வைத்திருந்தார். அது சுவரைப் பார்த்து இருந்தது. உட்கார்ந்து பார்த்தார். சுவருக்கு மேலே, நேர் எதிரே, அவருடைய சமையலறை ஜன்னல். அதன் விளிம்பில் அவருடைய டீக் கோப்பை.

"இங்கேருந்து பாத்தா என் ஜன்னல்தானே தெரியுது?"

"ஆமாண்ணே" என்றார் சகலை. "அண்ணி அங்கதான் உக்காருவாங்க. நீங்க டீயக் குடிச்சிட்டு மூஞ்சிய ஒரு மாதிரி சுளிப்பீங்களே, அதப் பாத்துத்தான் ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா உங்களுக்கு டீ ஆறிடுச்சுன்னு சொல்லி எழுந்து ஓடப் பாக்கறதும் அவங்கதான்."

தராசு நாற்காலியின் பிரம்பைத் தடவினார். இத்தனை நாள் பொறாமைப்பட்ட அந்தச் சிரிப்புக்குக் காரணமே தான்தான் என்று இப்போது தெரிந்தது. கேட்க வந்ததைக் கேட்க வாயைத் திறந்தார். சகலை முந்திக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளாக் கேக்கணும்னு. உங்க கொல்லையில தண்ணி சும்மாதானே நிக்குது. அதுல கொஞ்சம் எனக்குத் தருவீங்களா?"

"என்னது?"

"எல்லாம் ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. மாமா மனை பிரிச்சப்ப, பச்சையா இருந்தது உங்களுக்குப் போச்சு. ஒண்ணும் சொல்லல. ஆனா இத்தன வருஷமா உங்க வாழையப் பாத்தா எனக்கு வயிறு எரியும். டாக்டர் வேற உங்க மட்டம் மேலன்னுட்டாங்க. அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல."

கேட்க வந்த வார்த்தைகள் எல்லாம் தராசின் வாயில் தயாராக இருந்தன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் சகலை கேட்ட அந்த நிமிஷமே, அதுவரை சாக்கடையாக இருந்த தண்ணீர் பன்னீராக மாறிவிட்டது. என் தண்ணீர். பச்சையைப் பார்த்து நான் எடுத்த மனையின் தண்ணீர். அது சுவரைத் தாண்டிப் போய் இவனுடைய எலுமிச்சையில் ஏறுவதா.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார், ஒரு அதிகாரியின் குரலில்.

சகலை வீட்டுச் சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை. அவள் உதடுகள் மட்டும் "மக்கு" என்ற வடிவத்துக்கு வந்தன. குளியலறைச் சாமானைச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"சரி, யோசிச்சிட்டேன்" என்றார் தராசு. "எடுத்துக்கோ. ஆனா குழாயில ஒரு மீட்டர் வெப்பேன். எவ்வளவு போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

"ரெண்டு மீட்டரா வெச்சுக்கோங்க அண்ணே."

மீட்டரெல்லாம் வைக்க முடியாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். டாக்டர் சரிவை அளந்து கொடுக்க, பள்ளம் எடுத்து, ஜல்லி பரப்பி, குழாயைச் சுவருக்கு அடியில் விட்டு, சகலையின் எலுமிச்சைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மழைக்குத் தராசு குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றார். தண்ணீர் தேங்கியது, தயங்கியது, பிறகு வேறு வேலை ஞாபகம் வந்தது போல மெல்ல மெல்லக் காணாமல் போனது. தவளைகள் மூட்டை கட்டின. எந்தக் கண்டத்துக்கோ போயிருந்த இடதுகால் செருப்பு, சேறு வடிந்ததும் வாழைக்குப் பக்கத்திலேயே தலையைத் தூக்கிப் பார்த்தது.

சாயங்காலம் சுவருக்கு மேலாகப் பிரம்பு நாற்காலி வந்தது. தராசு இரண்டு கைகளாலும் வாங்கி, பழைய இடத்தில் வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. நிமிர்ந்தால், சுவருக்கு மேலாக இன்னொரு நாற்காலி வந்துகொண்டிருந்தது.

"இது யாருது?"

"என்னுது அத்தான்" என்றாள் தங்கை. "எங்க கொல்லை இப்ப ஈரமா இருக்கு, கால் வைக்க முடியல."

அதற்குப் பின்னாலேயே மூன்றாவது நாற்காலி வந்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சகலையும் வந்தார்.

இப்போதெல்லாம் நான்கு பேரும் அங்கேதான் உட்காருகிறார்கள். தராசு செய்தித்தாளில் தப்பு கண்டுபிடிக்கிறார். மனைவி "ம்" கொட்டுகிறாள். சகலை முணுமுணுக்கும் ஜோக்குகள் இப்போது தெளிவாகக் காதில் விழுகின்றன. ஒன்றும் பிரமாதம் இல்லை. தராசுக்கு அதில் பெரிய திருப்தி. ஆனால் அவருடைய நாற்காலி மட்டும் எப்படியோ ஒவ்வொரு நாளும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எலுமிச்சைக் கன்றுகள் தழைத்து, சுவருக்கு மேலே தலை காட்ட ஆரம்பித்திருக்கின்றன.

"எங்க பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. என் தண்ணிதான் அது."

அவள் எழுந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியை அப்படியே பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினாள். பிறகு வந்து உட்கார்ந்து, "ம், அப்புறம்? பேப்பர்ல என்ன தப்பு?" என்றாள்.

தராசு பேப்பரை விரித்தார். விரித்த பேப்பருக்கு மேலாக, ஓரக்கண்ணால், மறுபடி ஒருதரம் பார்த்துக்கொண்டார். பூ விட்டிருந்தது.